ஆர்கான் கசியும் நிலா

1969 நவம்பர் 20. அப்பல்லோ 12 வீரர்கள் தாய்க்கலத்துக்குத் திரும்பியதும், தரையிலிருந்து அவர்களை ஏற்றிவந்து வேலை முடிந்த ஏறுகலத்தை வேண்டுமென்றே நிலாவில் மோதவிட்டார்கள். தரையில் அவர்கள் வைத்துவிட்டு வந்த நிலநடுக்கமானி அந்த அதிர்வைப் பதிவு செய்தது. பூமியில் இந்த அளவு மோதல் சில நிமிடங்களில் அடங்கிவிடும். நிலாவோ அடித்த மணி போல ஏறக்குறைய ஒரு மணி நேரம் அதிர்ந்துகொண்டிருந்தது.

காரணம், வறட்சி. பூமியின் பாறை இடுக்குகளில் இருக்கும் நீர் அதிர்வின் ஆற்றலை உறிஞ்சிக்கொள்ளும். நிலாவின் மேலோட்டில் அந்த நீர் இல்லை. விண்கற்கள் காலங்காலமாக இடித்து நொறுக்கியதால் விரிசல்கள்தான் ஏராளம். 2012-இல் நிலாவின் ஈர்ப்பு விசையை அளந்த கிரெயில் இரட்டைக் கலங்களின் தரவுப்படி, மேலோட்டில் சுமார் 12 சதவீதம் வெறும் இடைவெளி. அலை ஒவ்வொரு விரிசலிலும் பட்டுச் சிதறி, ஓய வழியில்லாமல் அங்கேயே சுற்றுகிறது.

இந்த நீண்ட அதிர்வால் ஒரு பெரிய சிக்கல் வந்தது. நிலாவின் மையத்தில் பட்டுத் திரும்பும் மெல்லிய எதிரொலி இந்த இரைச்சலுக்குள் புதைந்துபோனது. அப்பல்லோ பயணங்களில் வைக்கப்பட்ட மானிகள் 1977 செப்டம்பரில் நிறுத்தப்பட்டன. மையத்தில் என்ன இருக்கிறது என்ற கேள்வி அப்படியே நின்றது. அதற்கு விடை தந்த வழி என்னை இன்றும் வியக்க வைக்கிறது. நிலாவில் 700 முதல் 1,200 கிலோமீட்டர் ஆழத்தில் ஏற்படும் நடுக்கங்கள், பூமியின் ஈர்ப்பு நிலாவை இழுத்துத் தளர்த்தும் மாத சுழற்சியையொட்டி, அதே அதே இடங்களில் திரும்பத் திரும்ப நிகழ்கின்றன. ஓரிடத்து நடுக்கங்களின் பதிவுகள் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கூட்டினால் என்ன ஆகும்? தாறுமாறான இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். எல்லாப் பதிவிலும் பொதுவாக இருக்கும் எதிரொலி மட்டும் வலுக்கும். 2011-இல் ரெனீ வெபர் தலைமையிலான குழு, நாற்பது ஆண்டு பழைய தரவுகளிலிருந்தே மையத்தின் எதிரொலியை இப்படி வெளியே எடுத்தது. நடுவில் சுமார் 240 கிலோமீட்டர் ஆரத்தில் திண்மமான கரு. அதைச் சுற்றி, 330 கிலோமீட்டர் வரை உருகிய உலோகம். அதற்கும் வெளியே பாதி உருகிய பாறை. புதிதாக ஒரு கருவியும் அனுப்பாமல் கிடைத்த விடை இது.

சரி, ஆழத்தில் இருப்பது ஆழத்தோடு நின்றுவிடுகிறதா? இல்லை. பாறைகளில் உள்ள கதிரியக்கப் பொட்டாசியம்-40 மெல்லச் சிதைந்து ஆர்கான்-40 ஆகிறது. அதில் ஒரு பகுதி விரிசல்கள் வழியே மேலே கசிகிறது. நிலாவுக்கு வளிமண்டலம் இல்லை என்று பள்ளியில் படித்திருப்போம். உண்மையில் இருக்கிறது, ஆனால் மிக மிக மெல்லியது: ஹீலியம், நியான், அப்புறம் இந்த ஆர்கான். அணுக்கள் ஒன்றோடொன்று மோதுவதே அரிது. ஒவ்வோர் அணுவும் தரையிலிருந்து எழும்பி, வளைந்து பறந்து, வேறோர் இடத்தில் விழுகிறது. இரவுப் பக்கத்தின் கடுங்குளிரில் ஆர்கான் தரையோடு ஒட்டிக்கொள்கிறது. விடியும்போது மறுபடி கிளம்புகிறது. அதனால் நிலாவின் விடியல் நெருங்கும் இடங்களில் ஆர்கான் அளவு கூடும். இதை அப்பல்லோ 17 வைத்த கருவி கண்டது. 2013-14-இல் சுற்றிவந்த லாடீ கலமும் உறுதி செய்தது. பொட்டாசியம் செறிந்த மேற்குச் சமவெளிகளுக்கு மேலே ஆர்கான் அதிகமாக இருப்பதையும் லாடீ காட்டியது. கீழே என்ன பாறை என்பதை மேலே மிதக்கும் வாயுவே சொல்லிவிடுகிறது!

தூசியின் கதை வேறு. நுண்ணிய விண்கற்துகள்கள் ஓயாமல் வந்து மோத, அதில் தெறிக்கும் தூசு நிலாவைச் சுற்றி எப்போதும் ஒரு மேகமாக நிற்கிறது. லாடீயின் கணக்குப்படி எந்த நேரத்திலும் அதன் மொத்த எடை 120 கிலோதான். டிசம்பரில் ஜெமினிட் விண்கல் மழையின்போது அது தடித்தது. 1968-இல் நிலாவில் இறங்கிய ஆளில்லாக் கலமான சர்வேயர் 7 அதன் அடிவானத்தில் ஒரு மங்கிய ஒளியைப் படம்பிடித்தது. சூரிய ஒளி தூசிக்கு மின்னூட்டம் தந்து மேலே எழுப்புகிறது என்று அதற்கு விளக்கம் சொல்லப்பட்டது. அந்த விளக்கத்தை நம்பி உயரத்திலும் அடர்ந்த தூசி இருக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு, லாடீயின் அளவீட்டில் அது கிடைக்கவில்லை.

விண்கல் மழைகளின்போது நீராவியும் வெளிப்பட்டது. தரையின் மேல் சில சென்டிமீட்டர் காய்ந்து கிடக்கிறது. அதைத் துளைக்கும் அளவு பெரிய துகள் விழுந்தால்தான் அடியில் மிகச் சிறிதளவே உள்ள நீர் வெளியே வருகிறது என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கம். அந்த மேல் அடுக்கு வெப்பத்தையும் உள்ளே விடாது. 2023-இல் சந்திரயான்-3 செருகிய வெப்பமானி மேற்பரப்பில் 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் காட்டியது; 8 சென்டிமீட்டர் கீழே போனதும் வெப்பம் சுழியத்துக்கும் கீழே இறங்கிவிட்டது.

இந்த மென்மையான சமநிலைதான் எனக்குக் கவலை தருகிறது. இறங்கும் ஒவ்வொரு கலமும் வாயுவைக் கக்குகிறது. அங்கே தடுக்கக் காற்று இல்லாததால் அந்த வாயுவில் உள்ள நீராவி நிலா முழுக்கப் பரவி, துருவங்களில் சூரிய ஒளியே படாத பள்ளங்களில் உறையும் என்று கணினி மாதிரிகள் காட்டுகின்றன. நிலாவின் பழைய பனியைத் தேடி நாம் தோண்டப்போவதும் அதே பள்ளங்களில்தான்.