மாநிலக் கல்லூரி ஆசிரியர்கள் ஆய்வு நல்கைக்கு விண்ணப்பிப்பது எப்படி?

ஆய்வு நல்கை, அதாவது ரிசர்ச் கிராண்ட் என்றால் ஐ.ஐ.டி.க்கும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.க்கும்தான் என்ற எண்ணம் நம் மாவட்டக் கல்லூரிகளில் வேரூன்றிக் கிடக்கிறது. மத்திய அரசின் ஆய்வு நிதியில் பெரும்பகுதி அந்த நிறுவனங்களுக்குப் போவது உண்மைதான். ஆனால் அதே நிதியில் மாநிலப் பல்கலைக்கழகம், அரசுக் கல்லூரி, உதவி பெறும் கல்லூரி, சுயநிதிக் கல்லூரி ஆசிரியர்களுக்கென்றே ஏற்படுத்திய திட்டங்களும் உண்டு. அங்கே நம்மோடு போட்டியிடுபவர் ஐ.ஐ.டி. பேராசிரியர் இல்லை, நம்மைப் போன்ற இன்னொரு கல்லூரி ஆசிரியர். இது தெரியாததாலேயே விண்ணப்பிக்காமல் இருப்பவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு பெயர் மாற்றம். அறிவியல், பொறியியல் துறைகளுக்கு நல்கை கொடுத்துவந்த எஸ்.இ.ஆர்.பி. வாரியம் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. அந்த வாரியம் இப்போது இல்லை. 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தின்படி அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளை, சுருக்கமாக ஏ.என்.ஆர்.எஃப்., அதன் இடத்துக்கு வந்திருக்கிறது. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2024 பிப்ரவரி 5 அன்று. ஐந்து ஆண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். அதில் அரசுப் பங்கு 14,000 கோடி, மீதி தொழில்துறை உள்ளிட்ட பிற வழிகளில் வர வேண்டியது. வாரியத்தோடு திட்டங்களின் பெயர்களும் மாறிவிட்டன. கோர் ரிசர்ச் கிராண்ட் இருந்த இடத்தில் இப்போது அட்வான்ஸ்டு ரிசர்ச் கிராண்ட் இருக்கிறது. புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களுக்கான ஸ்டார்ட்-அப் கிராண்ட், பிரதமர் பெயரிலான தொடக்கநிலை ஆய்வாளர் நல்கையாக மாறியிருக்கிறது. அதற்கு வயது வரம்பு 42, நல்கை மூன்று ஆண்டுகளுக்கு 60 லட்சம் ரூபாய் வரை. பட்டியல் சாதி, பழங்குடி ஆசிரியர்களுக்கான பழைய திட்டத்தின் இடத்தில் இன்க்ளூசிவிட்டி ரிசர்ச் கிராண்ட் வந்திருக்கிறது. வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவரும் பழைய பி.டி.எஃப்.களை நம்பி யாரும் விண்ணப்பம் எழுதத் தொடங்க வேண்டாம். அறக்கட்டளையின் இணையதளத்தில் அந்த ஆண்டுக்கான அழைப்பு வெளிவந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

நம் கல்லூரிகளுக்கு மிகவும் பொருந்துவதாக நான் நினைப்பது 'டேர்' என்ற ஆசிரியர் இணைப்புத் திட்டம். எஸ்.இ.ஆர்.பி. காலத்தில் தொடங்கியது. மாநிலப் பல்கலைக்கழகத்திலோ கல்லூரியிலோ, தனியார் கல்லூரியிலோ நிரந்தரப் பணியில் இருப்பவர் தன் வேலையை விடாமலே அருகிலுள்ள ஐ.ஐ.டி., என்.ஐ.டி., மத்தியப் பல்கலைக்கழகம், தேசிய ஆய்வகம் போன்ற ஒன்றில் பகுதிநேரமாக ஆய்வு செய்யலாம். மூன்று ஆண்டுகள் நடக்கும். ஆசிரியருக்கு ஆண்டுக்கு 60,000 ரூபாய் ஊக்கத்தொகை. ஆய்வுச் செலவுக்கு ஆண்டுக்கு 5 லட்சம், அதில் பாதி போய்ச் சேரும் நிறுவனத்துக்கு, பாதி நம் கல்லூரிக்கு. வயது வரம்பு 45, சில பிரிவினருக்குத் தளர்வு உண்டு. திருச்சியைச் சுற்றியுள்ள கல்லூரியில் வேதியியல் கற்பிப்பவர் என்.ஐ.டி.யை நாடலாம், காரைக்குடிப் பக்கம் இருப்பவருக்கு மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, சென்னையில் இருப்பவருக்கு மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம். இந்தத் திட்டத்தால் வரும் பணத்தைவிட அங்குள்ள கருவிகளைத் தொடும் உரிமை பெரியது. நம் கல்லூரியில் படிக அமைப்பை எக்ஸ் கதிரால் ஆராயும் ஒரு எக்ஸ்ஆர்டி கருவி வாங்க எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

இதே காலத்தில் வந்த 'ஷ்யூர்' திட்டம் மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் அவற்றின் கீழுள்ள கல்லூரிகளுக்கும் தனியார் கல்லூரிகளுக்கும் மட்டுமானது. மூன்று ஆண்டுகளுக்கு 30 லட்சம் ரூபாய் வரை என்று தொடங்கினார்கள். கணிதத் துறைக்கு 'மேட்ரிக்ஸ்' இருக்கிறது. தொகை சிறியது, ஆனால் கணிதத்துக்குப் பெரிய கருவி தேவையில்லையே. பயணம், புத்தகம், கணினி என்று அது போதும்.

அறிவியலுக்கு வெளியே இருப்பவர்கள் டெல்லியிலுள்ள ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். என்ற இந்தியச் சமூக அறிவியல் ஆய்வுக் குழுவைப் பார்க்க வேண்டும். 1969இல் தொடங்கிய அமைப்பு. பெரிய ஆய்வுத் திட்டம், சிறிய ஆய்வுத் திட்டம், மூத்த ஆய்வாளர் உதவித்தொகை என்று பல நிலைகளில் அழைப்பு விடுகிறது. தமிழ்த் துறையினருக்குச் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் குறுகிய காலத் திட்டங்கள் கொடுத்திருக்கிறது. யு.ஜி.சி. என்ற பல்கலைக்கழக மானியக் குழு 2022 ஆசிரியர் தினத்தன்று அறிவித்த திட்டங்களில் இரண்டு நமக்கானவை. புதிதாகச் சேர்ந்த ஆசிரியருக்கு டி.எஸ். கோத்தாரி பெயரில் 10 லட்சம். பணியில் நிலைத்த, 50 வயதுக்குட்பட்ட ஆசிரியருக்கு இன்னொரு 10 லட்சம். இரண்டாவதற்கு ஐந்து முழுநேர முனைவர் பட்ட மாணவர்களை வழிநடத்தி முடித்திருக்க வேண்டும், இரண்டு நிதியுதவித் திட்டங்களை நடத்தியிருக்க வேண்டும். கேட்கும்போது கொஞ்சம் மலைப்பாக இருக்கும். 1984இல் அமைந்த தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் சிறிய அளவிலான திட்டங்களுக்கும் இளம் அறிவியலாளர் பயிற்சிக்கும் உதவுகிறது. முதல்முறை விண்ணப்பிப்பவர் அங்கே தொடங்குவது நல்லது. சிறிய திட்டம் ஒன்றை ஒழுங்காக முடித்துக் கணக்குக் கொடுத்தவர் என்ற பெயர் அடுத்த விண்ணப்பத்தில் பேசும்.

தகுதி விஷயத்தில் மூன்று இடங்களில் தடை வரும். ஒன்று, கல்லூரியின் நிலை. யு.ஜி.சி. பணத்துக்குக் கல்லூரி, யு.ஜி.சி. சட்டத்தின் 2(எஃப்), 12(பி) பிரிவுகளின் கீழ் அங்கீகாரம் பெற்ற பட்டியலில் இருக்க வேண்டும். இது கல்லூரி முதல்வர் அலுவலகத்தில் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். தெரிந்துகொள்ளாமல் மாதக்கணக்கில் உழைக்க வேண்டாம். இரண்டு, நிரந்தரப் பணி. மேலே சொன்ன பெரும்பாலான திட்டங்கள் இதைக் கட்டாயமாகக் கேட்கின்றன. நம் அரசுக் கல்லூரிகளில் பாடச்சுமையின் பெரும் பாரத்தைத் தூக்குகிற கவுரவ விரிவுரையாளர்கள், பலர் முனைவர் பட்டம் பெற்றவர்கள், இதனால் வெளியே நிற்கிறார்கள். இது அநியாயம், மாற வேண்டிய விதி. இப்போதைக்கு அவர்களுக்கு இருக்கும் வழி, முனைவர் பட்டத்துக்குப் பிறகு ஆய்வைத் தொடர்வதற்கான மேலாய்வு உதவித்தொகைதான். தேசிய மேலாய்வு உதவித்தொகைக்கு 35 வயதுக்குள் இருக்க வேண்டும். பெண்களுக்கு மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் 'வைஸ்' மேலாய்வுத் திட்டத்தில் 27 முதல் 60 வயது வரை இடமுண்டு. குழந்தை வளர்ப்புக்காக வேலையை விட்டவர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும். மூன்றாவது தடை ஓய்வு வயது. திட்டக் காலம் முடியும்வரை பணியில் இருப்பீர்களா என்று கேட்பார்கள். அதனால் இளைய சக ஆசிரியர் ஒருவரை இணை ஆய்வாளராகச் சேர்ப்பது நல்லது.

கருத்துரு, அதாவது புரபோசல் எழுதுவதற்கு வருவோம். மதிப்பிடுபவர் நம் துறைக்காரர்தான், ஆனால் நம் தலைப்புக்காரராக இருக்கத் தேவையில்லை. கையில் ஒரு கட்டு விண்ணப்பங்களோடு உட்கார்ந்திருப்பார். 'நாகப்பட்டினம் மாவட்ட நிலத்தடி நீரின் தரம்: ஓர் ஆய்வு' என்று அனுப்பினால் அவருக்கு அதில் கேள்வி எதுவும் தெரியாது. 'கடலிலிருந்து எவ்வளவு தூரத்துக்குள் இருக்கும் கிணறுகள் கோடையில் உப்பேறி, மழைக்குப் பின் மீள்கின்றன. மீளாத கிணறுகளுக்குக் காரணம் இறால் பண்ணையா, அதிக இறைப்பா?' என்று கேட்டால் அங்கே ஓர் ஆய்வு இருக்கிறது. பதில் எதுவாக வந்தாலும் பயன்படும் கேள்வியாக அது இருக்க வேண்டும். நோக்கங்கள் மூன்று போதும். ஒவ்வொரு நோக்கத்துக்கும் எந்த முறை, எந்தக் கருவி, எத்தனை மாதிரிகள், எந்த மாதங்களில் என்று நேராகச் சொல்லுங்கள். அந்தக் கருவி உங்களிடம் இல்லையென்றால் எங்கே போய் அளப்பீர்கள் என்பதையும் சொல்லுங்கள். கல்லூரிக் கருத்துருக்கள் பலவற்றில் முன்னுரை பத்துப் பக்கம், செய்முறை அரைப் பக்கம். அதைத் தலைகீழாக மாற்றினாலே பாதி வேலை முடிந்தது. சின்ன அளவில் முன்கூட்டியே செய்த சோதனையின் ஒரு வரைபடத்தை வைத்தால், இவரால் இதைச் செய்ய முடியும் என்ற நம்பிக்கை மதிப்பீட்டாளருக்கு வரும். முதுகலை மாணவரின் புராஜெக்டில் கிடைத்த தரவாக இருந்தாலும் பரவாயில்லை, மாணவரின் பெயரைச் சொல்லிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

அப்புறம் பட்ஜெட். திட்டத்தில் அமர்த்தும் இளநிலை ஆய்வாளருக்கு (ஜே.ஆர்.எஃப்.) மாதம் 37,000, முதுநிலைக்கு 42,000 என்பது 2023 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள மத்திய அரசு விகிதம், வீட்டு வாடகைப்படி தனி. தேசியத் தகுதித் தேர்வுகளான நெட் அல்லது கேட் தேர்ச்சி உள்ளவரைத்தான் அந்த ஊதியத்தில் எடுக்க முடியும். கிடைக்க மாட்டார் என்று தெரிந்தால் திட்ட உதவியாளர் பணியிடம் கேளுங்கள். கருவிக்குக் கொட்டேஷன் வாங்கும்போது ஜி.எஸ்.டி. சேர்த்து வாங்க வேண்டும். ஆய்வு நிறுவனங்கள் 5 சதவீதத்தில் வாங்கிய சலுகை 2022 ஜூலையில் நீங்கியது. அதன் பிறகும் விகிதங்கள் மாறியிருக்கின்றன. வரியை விட்டுவிட்டுத் தொகை போட்டவர்கள் பணம் வந்த பிறகு கருவி வாங்க முடியாமல் தவிப்பார்கள். அதற்காகப் பட்ஜெட்டை ஊதவும் கூடாது, ரொம்பக் குறைக்கவும் கூடாது. குறைத்துக் கேட்டால் கொடுப்பார்கள் என்ற நினைப்பு தவறு. செய்முறைக்கும் தொகைக்கும் பொருத்தமில்லை என்றுதான் படும். மேல்செலவு என்ற தலைப்பில் தனியாக வரும் தொகை கல்லூரிக்கு உரியது, மின்சாரம், இடம், அலுவலக உதவி இவற்றுக்காக. இதை நிர்வாகத்திடம் முன்கூட்டியே எடுத்துச் சொல்லுங்கள். கையெழுத்து சுலபமாகக் கிடைக்கும்.

கையெழுத்து என்றதும் ஒன்று. கடைசி நாளில் விண்ணப்பங்கள் விழுவது இங்கேதான். நிறுவனத் தலைவரின் ஒப்புதல் கடிதம் அவர்கள் கொடுத்த படிவத்தில், லெட்டர்ஹெட்டில், முத்திரையோடு வேண்டும். பதிவாளர் ஊரில் இல்லை, முதல்வர் ஆய்வுக்குழு வேலையில் இருக்கிறார் என்றால் அந்த ஆண்டு போய்விடும். அழைப்பு வந்த வாரமே கடிதத்தை வாங்கிவிடுங்கள், கருத்துருவைப் பிறகு மெருகேற்றலாம். கூடவே திருட்டெழுத்து இல்லை என்ற உறுதிமொழி, வயது, சாதிச் சான்றுகள். டேர் போன்ற திட்டத்துக்குப் போய்ச் சேரும் நிறுவனத்தின் ஒப்புதலும் வேண்டும். அங்குள்ள பேராசிரியருக்கு மின்னஞ்சலில் இரண்டு பத்தி எழுதி, அவருடைய கட்டுரை ஒன்றைப் படித்து அதோடு நம் கேள்வி எங்கே சேர்கிறது என்று சொல்லுங்கள். 'மதிப்பிற்குரிய ஐயா, வாய்ப்புத் தாருங்கள்' என்று மட்டும் எழுதினால் பதில் வராது.

பணம் கிடைத்தால் அது உங்களுக்கு வந்த பணம் இல்லை, கல்லூரிக்கு வந்த பணம். ஒவ்வொரு நிதியாண்டு முடிவிலும் செலவு அறிக்கையும் மத்திய அரசின் பொது நிதி விதிகளிலுள்ள ஜி.எஃப்.ஆர். 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழும் போக வேண்டும். போகவில்லையென்றால் அடுத்த தவணை நிற்கும், அதோடு ஆய்வாளரின் மாதச் சம்பளமும் நிற்கும். வங்கியில் சேர்ந்த வட்டி அரசுக்குத் திரும்பப் போக வேண்டும். மத்திய அறிவியல் துறைகளின் கீழ் உள்ள நிறுவனங்களில் கொட்டேஷன் இல்லாமல் வாங்கும் வரம்பை 2025 ஜூனில் ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சமாக உயர்த்தியிருக்கிறார்கள். ஆனால் நம் கல்லூரிக்கு எந்தக் கொள்முதல் விதி என்பதைக் கணக்குப் பிரிவில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆய்வக உதவியாளரையும் கணக்கரையும் முதல் நாளே நம் பக்கம் சேர்த்துக்கொள்வது நல்லது. திட்டம் ஓடுவது அவர்கள் கையில்தான்.

பதவி உயர்வுக்கும் இது உதவும். யு.ஜி.சி.யின் 2018 விதிமுறைகளில் 10 லட்சத்துக்கு மேற்பட்ட திட்டம் முடித்திருந்தால் 10 ஆய்வு மதிப்பெண், அதற்குக் கீழே 5. நடந்துகொண்டிருக்கும் திட்டத்துக்கு முறையே 5, 2. முதன்மை ஆய்வாளரும் இணை ஆய்வாளரும் ஆளுக்குப் பாதி. எனவே சேர்ந்து செய்யும்போது யார் முதன்மை என்பதில் மனக்கசப்பு வளர இடமில்லை.

நிராகரிப்பு வந்தால் மதிப்பீட்டாளரின் குறிப்புகள் இணையக் கணக்கில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒவ்வொரு குறிப்புக்கும் எதிரே நீங்கள் செய்த மாற்றத்தை எழுதி, அடுத்த அழைப்புக்குத் திருத்தி அனுப்புங்கள். குறிப்பு எதுவும் இல்லையென்றால், அந்தத் துறையில் நல்கை பெற்ற ஒருவரிடம் கருத்துருவைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். கேட்டால் பெரும்பாலானவர்கள் படித்துத் தருவார்கள்.