டிக்ஸி டீனோட 60 கோல்: ஆஃப்சைட் ரூல்ல ஒரு ஆள் குறைஞ்சதும் என்ன ஆச்சு?

ஃபுட்பால் வெறியர்கள்லயே பாதிப் பேரு ஆஃப்சைட் ரூலை விளக்கச் சொன்னா திணறுவாங்க. ஆனா அந்த ரூல்ல ஒரே ஒரு நம்பரை மாத்தினதுல இங்கிலாந்து லீக் மொத்தமா தலைகீழாப் போச்சு. எவர்டன் கிளப்புக்கு கோல் அடிக்கிற ஆளு டிக்ஸி டீன், ஒரே சீசன்ல 60 கோல் போட்டதும் அதுக்கு அப்புறம்தான். 1924-25 சீசன்ல நாலு டிவிஷனும் சேர்த்து 4,700 கோல், அடுத்த சீசன்லயே அது 6,373. மேட்ச் எண்ணிக்கை அதேதான், 1,848. அதாவது ஒரு மேட்சுக்கு ரெண்டரை கோல்னு இருந்தது கிட்டத்தட்ட மூணரை ஆயிடுச்சு.

பழைய ரூல் இதுதான்: பந்து பாஸ் பண்ற நேரத்துல, முன்னாடி நிக்கிற அட்டாக்கருக்கும் கோல் லைனுக்கும் நடுவுல எதிர் டீம் ஆளுங்க குறைஞ்சது மூணு பேர் இருக்கணும், இல்லன்னா ஆஃப்சைட். கோல்கீப்பர் ஒருத்தர், ரெண்டு ஃபுல்பேக் (கடைசி வரிசை டிஃபெண்டர்கள்), கணக்கு முடிஞ்சுது. இப்ப ஒரு ஃபுல்பேக் மட்டும் டக்குனு ரெண்டு அடி முன்னாடி ஏறினா போதும், அட்டாக்கருக்குப் பின்னாடி மிச்சம் இருக்கிறது ரெண்டே பேரு, விசில் ஊதிடுவாங்க. இதுல இன்னொரு வசதியும் இருக்கு, டைமிங் சொதப்பினாலும் அந்த இன்னொரு ஃபுல்பேக் பின்னாடியேதான் நிக்கிறாரு, அவர் பாத்துக்குவாரு. ரிஸ்க்கே இல்லாத பொறி! நியூகாசில் ஆளு பில் மெக்கிராக்கன் இதுல பலே கில்லாடி. எல்லா டீமும் இதைக் காப்பியடிக்க ஆரம்பிச்சதும் 22 பேரும் கிரவுண்டோட நடுவுல ஒரு சின்னப் பட்டையில முட்டி மோதிட்டு இருந்தாங்க, நிமிஷத்துக்கு ஒரு விசில், டிக்கெட் வாங்கி வந்தவன் கடுப்பாகாம என்ன பண்ணுவான்.

1925 ஜூன்ல ஸ்காட்லாந்து சங்கம் கொண்டுவந்த யோசனை பாஸ் ஆச்சு, மூணு ரெண்டாச்சு. இப்ப பொறி வைக்கணும்னா ரெண்டு ஃபுல்பேக்கும் சேர்ந்து ஒரே நேரத்துல முன்னாடி ஏறணும், ஒருத்தர் அரை செகண்ட் லேட்டானாலும் பொறி வேலை செய்யாது, ரெண்டு பேரும் ஏறியும் கணக்கு தப்பிடுச்சுன்னா பின்னாடி கோல்கீப்பர் மட்டும் தனியா நிக்கிறாரு. அதனால டிஃபெண்டர்கள் பயந்து பின்வாங்க, நடுவுல இடம் திறந்துச்சு. அப்ப சென்டர்-ஹாஃப்ங்கிறவர் மிட்ஃபீல்டு ஆளு, எதிர் டீம்ல முன்னாடி நடுவுல நின்னு கோல் அடிக்கிற சென்டர் ஃபார்வர்டை ஒட்டிக்கிட்டே நிக்கிற வேலை யாருக்கும் இல்ல. முதல் டிவிஷன்ல அதுவரைக்கும் ஒரு சீசன் ரெக்கார்டு 38 கோல், புது ரூல் வந்த முதல் சீசன்லயே பிளாக்பர்னோட டெட் ஹார்ப்பர் 43. அதுக்கடுத்த சீசன் ரெண்டாம் டிவிஷன்ல மிடில்ஸ்பரோவோட ஜார்ஜ் கேம்செல் 59!

இந்த இடத்துலதான் டீன் வர்றாரு. பெர்க்கன்ஹெட்ல பொறந்தவர், 1925 மார்ச்ல டிரான்மியர் ரோவர்ஸ்ல இருந்து 3,000 பவுண்டுக்கு எவர்டன் வாங்குச்சு, அப்ப வயசு 18. அடுத்த வருஷமே வேல்ஸ்ல மோட்டார்சைக்கிள் ஆக்சிடென்ட், மண்டை ஓட்டுலயும் தாடையிலயும் எலும்பு முறிவு, இனி ஃபுட்பால் ஆட முடியாதுன்னு டாக்டர்கள் சொல்லிட்டாங்க. அவர் திரும்பி வந்து 1927-28ல 39 லீக் மேட்ச்ல 60 கோல் அடிச்சாரு. கடைசி மூணு மேட்சுக்கு முன்னாடி கணக்கு 51தான். ஆஸ்டன் வில்லா மேல ரெண்டு, பர்ன்லி மேல நாலு, அப்புறம் மே 5ம் தேதி ஆர்சனல் மேல மூணு.

அந்த 60வது கோல் எப்படி வந்துச்சு தெரியுமா? அலெக் ட்ரூப் எடுத்த கார்னர்ல இருந்து ஹெட்டர். கார்னர்ல இருந்து நேரா வர்ற பந்துக்கு ஆஃப்சைடே கிடையாது! ரூல் மாறினது கதவைத் திறந்துவிட்டுச்சு, சரி, ஆனா ரெக்கார்டை உடைச்ச அந்த ஒரு கோலுக்கும் ரூலுக்கும் சம்பந்தமே இல்ல. அதனால ரூல் புண்ணியத்துல அடிச்சாருன்னு சொல்றவங்களோட எனக்கு ஒத்துப்போகாது.

ஆக்சிடென்ட்டுக்கு அப்புறம் அவர் தலைக்குள்ள இரும்புத் தகடு வச்சிருக்காங்க, அதான் ஹெட்டர் அப்படிப் போகுதுன்னு ஒரு கதை ரொம்ப நாளா சுத்துது. தகடு இருந்திருந்தாலும் பிரயோஜனம் இல்ல. தலை நாலரை அஞ்சு கிலோ, பந்து அரைக் கிலோவுக்கும் கீழ, எலும்பு ஏற்கெனவே பந்தைவிட எவ்வளவோ கடினம். பந்து எவ்வளவு வேகமாத் திரும்பும்ங்கிறதை முடிவு பண்றது தலை எவ்வளவு வேகமா முன்னாடி வருதுங்கிறதுதான். எடை அதிகமான பொருள் முன்னாடி வந்து லேசான பந்தை இடிச்சா, அந்தப் பொருளோட வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாவே பந்துக்குப் போய்ச் சேரும், பேட்டை வீசினா பந்து பேட்டைவிட வேகமாப் பறக்குதே, அதே சமாச்சாரம். அதனால இடுப்புல இருந்து முதுகை வளைச்சு வில்லு மாதிரி விடணும், கழுத்தை இறுக்கிக்கணும். கழுத்து தளர்ந்தா தலை பின்னாடி போயிடும், வேகமும் போச்சு, வலியும் மிச்சம்.

டீன் உயரம் 178 சென்டிமீட்டர்தான், அவரைவிட உயரமான டிஃபெண்டர்கள் இருந்தாங்க. ஆனா குதிக்கிறதுல ஒரு கணக்கு இருக்கு: காத்துல இருக்கிற மொத்த நேரத்துல சுமார் 70 சதவீதம் குதிச்ச உயரத்தோட மேல் பாதியிலதான் கழியுது. அந்தரத்துல நிக்கிற மாதிரி தெரியறது இதனாலதான். ஒரு நொடி முந்தி குதிச்சிட்டு மேல காத்திருக்க முடியாது, ஆனா பந்து வர்ற நேரமும் உச்சிக்குப் போற நேரமும் ஒண்ணாச் சேர்ந்தா உயரமான ஆளையும் ஜெயிச்சிடலாம். அப்புறம் அந்தக் காலப் பந்து குண்டு மாதிரி கனம்னு சொல்றாங்களே, அது பாதிதான் உண்மை. அப்ப ரூல்படி காய்ஞ்ச பந்தோட எடை 370ல இருந்து 425 கிராம், இன்னைக்கு 410ல இருந்து 450. ஆனா ரூல் சொல்றது மேட்ச் ஆரம்பிக்கும்போது இருக்கிற எடையை மட்டும்தான், தோல் பந்து மழையில தண்ணியைக் குடிச்சுக் குடிச்சு இரண்டாவது பாதியில வேற பந்தாயிடும், போதாக்குறைக்கு லேஸ் கட்டின பக்கம் நெத்தியில பட்டா அவ்வளவுதான்.

டிஃபென்ஸும் சும்மா இருக்கல. 1925 அக்டோபர்ல ஆர்சனல் நியூகாசில்ட்ட 7-0ன்னு வாங்கிக் கட்டிக்கிட்டதும், ஆர்சனல் ஆட்டக்காரர் சார்லி பக்கன் யோசனைப்படி மேனேஜர் ஹெர்பர்ட் சாப்மன் சென்டர்-ஹாஃபைப் பின்னாடி இழுத்து ரெண்டு ஃபுல்பேக்குக்கு நடுவுல நிறுத்தினாரு. (டீன் 60வது கோல் அடிச்ச அந்த மேட்ச்தான் பக்கனுக்குக் கடைசி மேட்ச்.) கொஞ்சம் கொஞ்சமா மத்த டீம்களும் அதையே செஞ்சு நடுவுல இருந்த ஓட்டையை அடைச்சாங்க. அப்படியும் 1931-32ல எவர்டன் சாம்பியன் ஆனப்ப டீன் 45 அடிச்சாரு, இதுக்கெல்லாம் சம்பளம் சீசன்ல வாரத்துக்கு அதிகபட்சம் 8 பவுண்டு, அதுக்கு மேல கொடுக்கக் கூடாதுன்னு லீக்கோட விதி.

இங்கிலாந்து லீக்ல 60ஐ இன்னும் யாரும் தொடல. 2022-23ல மான்செஸ்டர் சிட்டியோட எர்லிங் ஹாலண்ட் 36 அடிச்சதுக்கே ஊரே அலறுச்சு, அவருக்கு இருந்தது 38 மேட்ச், டீன் காலத்துல 42. 'ரெண்டு பேர்' கணக்கு இன்னைக்கும் அப்படியேதான் இருக்கு, 1990ல எதிர் டீம்ல கடைசியில இருந்து ரெண்டாவது ஆளுக்கு நேரா சமமா நின்னா ஆஃப்சைட் இல்லன்னு ஒரு சின்னத் தளர்வு மட்டும் கொடுத்திருக்காங்க.