கிறுக்கு சரி, ஜாமீன் கையெழுத்து?

கோவை முருகானந்தம் கதை எல்லாருக்கும் தெரியும். மலிவு விலை நாப்கின் செய்வேன் என்று 1998-இல் இறங்கியவர், ஃபுட்பால் பிளாடரில் ஆட்டு ரத்தம் நிரப்பி இடுப்பில் கட்டிக்கொண்டு தன்மேலேயே சோதித்துப் பார்த்தார். மனைவி பிரிந்து போனார். பேய் பிடித்துவிட்டது என்றது ஊர். பெரிய கம்பெனி நாப்கினுக்குள் இருப்பது மரக்கூழ் என்று கண்டுபிடிக்கவே இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. கணக்குப் பார்க்கிறவன் எவனும் அதற்கு முன்பே கைகழுவியிருப்பான். 2016-இல் பத்மஸ்ரீ வந்தது.

வங்கிக் கடனுக்கான பிராஜெக்ட் ரிப்போர்ட் கேட்டு வருகிறவர்களில் பலர் இந்தக் கதையோடுதான் ஆடிட்டரான என் முன்னால் உட்காருகிறார்கள். "ரிஸ்க் எடுக்காம முடியுமா சார்?" முடியாதுதான். அந்தக் கிறுக்கு இல்லாதவருக்குப் புதுத்தொழில் சரிப்படாது என்றே நானும் நினைக்கிறேன். நான் கேட்பது, யாருடைய எதைப் பணயம் வைக்கிறீர்கள் என்று.

ஃபெட்எக்ஸ் கூரியர் கம்பெனியை ஆரம்பித்த ஃபிரெட் ஸ்மித், கம்பெனியிடம் மிச்சமிருந்த 5,000 டாலரை லாஸ் வேகாஸில் சீட்டாடி 27,000 ஆக்கினார் என்றும் சொல்வார்கள். தோற்றிருந்தால் இதைச் சொல்ல ஆளே இருந்திருக்காது.

பிரைவேட் லிமிடெட்தானே, போனால் கம்பெனியோடு போகட்டும், சொந்தச் சொத்துக்கு ஆபத்தில்லை என்பது பலருடைய தைரியம். கம்பெனி கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்று வங்கிக்குத் தனிப்பட்ட ஜாமீன் எழுதிக் கொடுத்தாலே அந்தப் பாதுகாப்பு போச்சு. கம்பெனியின் திவால் வழக்கு முடிந்தாலும் ஜாமீன்தாரர் தானாக விடுபடமாட்டார் என்று 2021-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. தவணை 90 நாள் தாண்டினால் வாராக்கடன். கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை எடுக்க வங்கிக்கு அதிகாரம் தரும் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ். அப்புறம் வீட்டை எடுத்துக்கொண்டோம் என்ற நோட்டீஸை அடமான வீட்டின் கதவில் ஒட்டிவிட்டுப் போவார்கள். அந்த வீடு பல நேரம் மனைவி பெயரில் இருக்கும். "இங்க ஒரு கையெழுத்து போடும்மா" என்பார் இவர்; எதற்கென்று அவரும் கேட்பதில்லை, இவரும் சொல்வதில்லை.

புதுக் கம்பெனியில் நஷ்டத்தைப் பார்த்து நான் மிரளுவதில்லை. வசூலித்த ஜிஎஸ்டியைக் கட்டாமல் சரக்கு வாங்கியிருந்தால், தொழிலாளியிடம் பிடித்த பி.எஃப். பணத்தை வாடகைக்குத் திருப்பியிருந்தால் வயிற்றைக் கலக்கும். "அடுத்த மாசம் ஆர்டர் வந்துடும் சார்" என்பார்கள். ஜிஎஸ்டி பாக்கிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி ஓடிக்கொண்டிருக்கும். பி.எஃப். விஷயம் கிரிமினல் வழக்கு வரை போகும்.

சிறுதொழில் என்றால், கடனுக்கு வங்கியிடம் உத்தரவாதம் நிற்கும் சிஜிடிஎம்எஸ்இ (CGTMSE) திட்டத்தைப் பெயர் சொல்லியே வங்கியில் கேளுங்கள். அதன் பாதுகாப்பில் வரும் கடனுக்குச் சொத்து அடமானமும் வேண்டாம், மூன்றாம் நபர் ஜாமீனும் வேண்டாம். கட்டணம் மட்டும் உண்டு. அது கிடைக்காமல் வீட்டுப் பத்திரத்தைக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், கையெழுத்துப் போடப்போகிறவரையும் என் அலுவலகத்துக்குக் கூட்டி வாருங்கள். பத்திரத்தை அவருக்கும் படித்துக் காட்டுகிறேன்.