டிராக்கிங் எண்ணில் ஒன்பதாவது இலக்கம் எதற்கு?

விருதுநகரில் இருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். சென்னையில் இருக்கும் அண்ணன் அனுப்பிய பார்சல், டிராக்கிங் பக்கத்தில் நான்கு நாளாக ஒரே வரியில் நிற்கிறதாம்: 'பையில் அடைக்கப்பட்டது'. "எங்கே இருக்கிறது என்றே சொல்லாத டிராக்கிங் எதற்கு? பார்சல் தொலைந்துவிட்டதா? தொலைவதென்றால் அது எந்த இடத்தில் தொலையும்?"

கோபம் நியாயமானதுதான். ஆனால் கேள்வியின் கடைசிப் பகுதி அருமையானது. பார்சல் எந்த இடத்தில் தொலையும் என்று தேடிக்கொண்டு போனால், வழியில் அழகான ஒரு கணக்கு வருகிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் தெரிந்த விஷயத்தைச் சட்டென்று முடித்துவிடுவோம். சாதாரண பார்சலுக்குள் தன் இருப்பிடத்தைச் சொல்லும் கருவி எதுவும் கிடையாது. மேலே ஒட்டிய பார்கோடை யாராவது ஒருவர் ஸ்கேனரிடம் காட்டும்போது நேரமும் இடமும் கணினியில் பதிவாகும். அந்தப் பதிவுகளின் வரிசைதான் டிராக்கிங். இரண்டு ஸ்கேன்களுக்கு நடுவே பார்சல் லாரியில் போகிறதா, கிடங்கின் மூலையில் கிடக்கிறதா என்று கணினிக்குத் தெரியாது.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. ஒரே ஊருக்குப் போகும் பார்சல்களை ஒரு பையில் போட்டுக் கட்டி, அந்தப் பைக்கென்று தனியாக ஒரு லேபிள் போடுவார்கள். அதன்பிறகு பை பிரிக்கப்படும்வரை ஸ்கேன் ஆவது பையின் லேபிள் மட்டும்தான். உள்ளே இருக்கும் பார்சல்கள் 'பையோடு போகின்றன' என்று கணினி எடுத்துக்கொள்ளும். ஆகவே நான்கு நாள் மௌனம் என்றால் பை இன்னும் பிரிக்கப்படவில்லை என்பதாகவே இருக்கலாம். இதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. ஸ்கேன் ஆன பார்சல் கை தவறிப் பக்கத்துப் பையில் விழுந்துவிட்டால், திரையில் அது மதுரைக்குப் போய்க்கொண்டிருக்கும், உண்மையில் கோவைக்குப் போயிருக்கும். கோவையில் பையைப் பிரிப்பவர் அதைப் பார்த்து, திரும்ப ஸ்கேன் செய்து, சரியான வழியில் விடும்வரை அது காணாமல்போன பார்சல்தான்.

ஆக, தொலைந்தது என்றால் பொருள் அழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பொருளுக்கும் அதைப் பற்றிய பதிவுக்கும் இடையே இருந்த தொடர்பு அறுந்துவிட்டது, அவ்வளவுதான். அந்தத் தொடர்பு முழுக்க ஒரு சின்ன லேபிளை நம்பி இருக்கிறது. லேபிள் கிழியலாம், மழையில் ஊறலாம். இப்போது பெரும்பாலும் பயன்படும் வெப்ப அச்சு லேபிள் சூடு பட்டால் கருக்கும் தன்மை கொண்டது, வெயிலில் கிடந்தால் எழுத்தும் பின்னணியும் வேறுபாடில்லாமல் போகலாம். பெட்டியின் விளிம்பில் மடித்து ஒட்டினால் ஸ்கேனரின் ஒளிக்கோடு பார்கோடின் எல்லாக் கோடுகளையும் ஒரே வீச்சில் கடக்க முடியாது. பளபளக்கும் செலோ டேப்பை மேலே ஒட்டினால் வெளிச்சம் திரும்பி அடிக்கும். அப்போது ஊழியர் என்ன செய்வார்? பார்கோடுக்குக் கீழே அச்சிட்டிருக்கும் எண்ணைக் கண்ணால் படித்து விசைப்பலகையில் தட்டுவார்.

மனிதர் எண்ணைத் தட்டினால் தவறு வரும். ஓர் இலக்கம் தவறினால் உங்கள் பார்சலின் பதிவு வேறு யாருடைய கணக்கிலோ ஏறிவிடும். அங்கேதான் நம் ஒன்பதாவது இலக்கம் காவலுக்கு நிற்கிறது.

ஸ்பீடு போஸ்ட் ரசீதையோ, வெளிநாட்டில் இருந்து பதிவுத் தபாலில் வந்த உறையையோ எடுத்துப் பாருங்கள். இரண்டு எழுத்துகள், ஒன்பது இலக்கங்கள், பிறகு நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள். இந்தியாவுக்கு ஐ.என். மொத்தம் 13 குறிகள். 1874-இல் தொடங்கிய உலக அஞ்சல் ஒன்றியம் வகுத்திருக்கும் எஸ்10 என்ற தரம் இது. இலக்கங்களில் முதல் எட்டுதான் வரிசை எண். ஒன்பதாவது, அந்த எட்டில் இருந்து கணக்கிட்டுப் பெறும் சோதனை இலக்கம்.

கணக்கு இப்படி. எட்டு இலக்கங்களையும் வரிசையாக 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்க வேண்டும். வரிசை எண் 27413856 என்று வைத்துக்கொள்வோம். 2×8=16, 7×6=42, 4×4=16, 1×2=2, 3×3=9, 8×5=40, 5×9=45, 6×7=42. கூட்டினால் 212. இதை 11-ஆல் வகுத்தால் மீதி 3. 11-இல் இருந்து 3-ஐக் கழித்தால் 8. அதுதான் ஒன்பதாவது இலக்கம். முழு எண் 274138568.

இப்போது ஊழியர் 1-ஐ 7 என்று படித்துவிட்டார். 7×2=14, கூட்டல் 224 ஆகிறது, மீதி 4, சோதனை இலக்கம் 7 வந்திருக்க வேண்டும். லேபிளில் இருப்பதோ 8. கணினி அந்த இடத்திலேயே மறுத்துவிடும். இலக்கம் சரியாக இருந்து, அவசரத்தில் 13 என்பதை 31 என்று மாற்றித் தட்டினால்? 3×2=6, 1×3=3, கூட்டல் 210, மீதி 1. அதுவும் பொருந்தவில்லை.

சும்மா எல்லா இலக்கத்தையும் கூட்டினால் போதாதா என்று தோன்றும். போதாது. 13-ஐ 31 ஆக்கினாலும் கூட்டல் மாறாது. இடத்துக்கு இடம் வேறு எண்ணால் பெருக்குவதால்தான் எந்த இலக்கம் எங்கே நின்றது என்பது கூட்டலில் பதிகிறது.

சரி, ஏன் 11? பத்தால் வகுத்திருந்தால் எவ்வளவு சுலபம்! பத்து என்றால் 2×5. பெருக்கு எண் 5 இருக்கும் இடத்தில் இலக்கம் இரண்டு கூடிவிட்டால் கூட்டல் சரியாகப் பத்து ஏறும், மீதி அசையாது, தவறு தப்பித்துவிடும். 11 பகா எண். அதைவிடச் சின்னதான எந்த இரண்டு எண்களைப் பெருக்கினாலும் 11-இன் மடங்கு வராது. ஓர் இலக்கம் தவறினால் கூட்டலில் வரும் வித்தியாசம், இலக்கத்தின் வித்தியாசமும் பெருக்கு எண்ணும் சேர்ந்த பெருக்கல். இரண்டும் 11-ஐவிடச் சின்னவை, அதனால் மீதி மாறியே தீரும். இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வருவது, இலக்கங்களின் வித்தியாசத்தையும் பெருக்கு எண்களின் வித்தியாசத்தையும் பெருக்கிய தொகை. எட்டுப் பெருக்கு எண்களும் 2 முதல் 9 வரை, ஒன்றுபோல் ஒன்று இல்லை. ஆகவே அங்கேயும் மீதி மாறியே தீரும். பக்கத்து இலக்கங்கள்தான் என்றில்லை, எட்டில் எந்த இரண்டு இடம் மாறினாலும் சரி. பள்ளியில் படித்த பகா எண் இப்படி வேலை செய்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உற்சாகம் பொங்கும்.

ஆனால் இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. 11-ஆல் வகுத்தால் மீதி 0 முதல் 10 வரை பதினொரு விதமாக வரும். நம்மிடம் இருப்பதோ பத்து இலக்கங்கள். பழைய பத்து இலக்கப் புத்தக எண்ணில் (ஐ.எஸ்.பி.என்.) இந்தச் சிக்கலைத் தீர்க்க, பத்துக்குப் பதில் எக்ஸ் என்ற எழுத்தைப் போட்டார்கள். அஞ்சல் தரம் வேறு வழியில் போனது: கழித்து வந்தது 10 என்றால் 0 போடு, 11 என்றால் 5 போடு. அதனால் 5 என்ற சோதனை இலக்கத்துக்கு மட்டும் இரண்டு வழி உண்டு. மீதி 6 ஆனாலும் 5 வரும், மீதி 0 ஆனாலும் 5 வரும். 27453856 என்ற எண்ணைப் போட்டுப் பாருங்கள். கூட்டல் 220, மீதி 0, இலக்கம் 5. நடுவில் இருக்கும் 5-ஐ 8 ஆக்கி 27483856 என்று போடுங்கள். கூட்டல் 226, மீதி 6, இலக்கம் அதே 5. மை கசிந்து 5 என்பது 8 போலத் தெரிந்தால், காவல்காரர் இந்த ஒரு திருடனை உள்ளே விட்டுவிடுவார். சோதனை இலக்கம் 5 ஆக உள்ள எண்களில் மட்டும், அதிலும் சில தவறுகளுக்கு மட்டும் வரும் ஓட்டை என்பதால் நடைமுறையில் பெரிய சேதமில்லை.

இருந்தாலும் மனம் கேட்காது இல்லையா? பத்து இலக்கங்களை மட்டும் வைத்து, ஒற்றை இலக்கத் தவறையும் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறுவதையும் ஒன்று விடாமல் பிடிக்க முடியுமா? முடியாது என்றே பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த கணிதவியலாளர் யாகோபுஸ் வெர்ஹூஃப் 1969-இல் முடியும் என்று காட்டினார். மனிதர்கள் எண்களை எப்படியெல்லாம் தவறாக எழுதுகிறார்கள் என்று அறிய அவர் எடுத்துக்கொண்ட தரவு, நெதர்லாந்து அஞ்சல் துறையில் உண்மையாகவே நடந்த தவறுகள்.

அவர் கையாண்ட வழி, கூட்டலையே தூக்கி எறிவது. கூட்டலில் 1+3, 3+1 இரண்டும் ஒன்று. வரிசை மாறினால் விடை மாறும் ஒரு செயல் வேண்டும். அட்டையில் ஓர் ஒழுங்கான ஐங்கோணத்தை வெட்டி, உச்சி மேலே இருக்கும்படி வைத்து, அந்த உச்சியில் முன்னும் பின்னும் தெரியும்படி ஒரு புள்ளி வையுங்கள். முதலில் இடவலமாகப் புரட்டுங்கள். புள்ளி உச்சியிலேயே இருக்கும். பிறகு கடிகாரத் திசையில் ஒரு மூலை சுழற்றுங்கள். புள்ளி வலப்பக்க மூலைக்கு வரும். இப்போது வரிசையை மாற்றுங்கள். முதலில் சுழற்றினால் புள்ளி வலப்பக்கம் போகும், பிறகு புரட்டினால் இடப்பக்கம் போய்விடும். அதே இரண்டு செயல்கள், வரிசை மட்டும் வேறு, விடையும் வேறு! ஐங்கோணத்தை அதே வடிவில் மறுபடி உட்கார வைக்கும் வழிகள் ஐந்து சுழற்சி, ஐந்து புரட்டல் என்று சரியாகப் பத்து. 0 முதல் 9 வரை இலக்கங்களும் பத்து. ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒரு செயலைக் கொடுத்து, எண்ணில் உள்ள வரிசைப்படி அவற்றைச் செய்துகொண்டே போவதுதான் வெர்ஹூஃப் முறையின் உயிர். சுழற்சிகள் தங்களுக்குள் வரிசை மாறினாலும் விடை மாறாது என்பதால், இடத்துக்கு இடம் இலக்கங்களைக் கலைத்துப் போட்டு அந்த வழியையும் அடைத்தார். உங்கள் ஆதார் எண்ணின் பன்னிரண்டாவது இலக்கம் இந்த முறையில்தான் வருகிறது.

வடிவங்களின் சமச்சீரை ஆராயும் குலக் கோட்பாடு 19-ஆம் நூற்றாண்டில் வளர்ந்தபோது, அது கோடிக்கணக்கான அடையாள எண்களுக்குக் காவல் நிற்கும் என்று யாரும் கனவு கண்டிருக்க மாட்டார்கள். நம் கல்லூரிகளில் தூய கணிதத் துறைகளுக்குப் பணம் கேட்டுப் போனால் 'இதனால் உடனடிப் பயன் என்ன?' என்ற கேள்வியோடு கோப்பு திரும்பிவிடுகிறது. அந்தக் கேள்வியே தவறு என்பது என் உறுதியான எண்ணம். ஐங்கோணத்தைப் புரட்டிப் பார்ப்பவருக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும்.

பார்சலுக்குத் திரும்புவோம். டிராக்கிங் எண்ணுக்கு இவ்வளவு காவல் இருக்கிறதே, பார்சல் போய்ச் சேர வேண்டிய இடத்தைச் சொல்லும் பின்கோடுக்கு என்ன காவல்? ஒன்றும் இல்லை. 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்த ஆறு இலக்கப் பின்கோடை வடிவமைத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். ஒரே பெயரில் பல ஊர்கள் இருப்பதும், முகவரிகள் பல மொழிகளில் வருவதும்தான் அதற்குக் காரணம். சிவகங்கை மாவட்டத்திலும் ஒரு திருப்பத்தூர், வடக்கே தனி மாவட்டமாகவே ஒரு திருப்பத்தூர். பின்கோடு 630211 என்றால் முன்னது, 635601 என்றால் பின்னது. ஆர்.எம்.எஸ். (ரயில்வே தபால் சேவை) ரயில் பெட்டியில் நின்றுகொண்டு கையால் தபால் பிரித்தவர்களுக்கு அது பெரிய வரம். சோதனை இலக்கம் கணக்குப் போட அன்று அவர்களிடம் கணினி இல்லை, அதனால் வேலங்கரைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் விளைவைப் பாருங்கள். 620001 திருச்சி, 622001 புதுக்கோட்டை, 624001 திண்டுக்கல், 625001 மதுரை, 626001 விருதுநகர், 627001 திருநெல்வேலி, 628001 தூத்துக்குடி, 629001 நாகர்கோவில். மூன்றாவது இலக்கம் ஒன்று தவறினால் போதும், பார்சல் எந்த மறுப்பும் இல்லாமல் வேறொரு மாவட்டத் தலைநகருக்குப் பயணமாகிவிடும். அங்கே தபால்காரர் தெருப் பெயரைப் பார்த்து 'இது நம்ம ஊர் இல்லை' என்று சொல்லும்போதுதான் தவறு வெளியே வரும். ஆகவே ஊர்ப் பெயரையும் மாவட்டத்தையும் பின்கோடோடு சேர்த்துத் தெளிவாக எழுதுங்கள். ஊரும் எண்ணும் ஒன்றையொன்று சரிபார்க்கும், பின்கோடுக்கு இல்லாத சோதனை இலக்கத்தின் வேலையை அது ஓரளவு செய்யும். பெட்டிக்குள்ளும் முகவரி எழுதிய ஒரு துண்டுச் சீட்டைப் போடுங்கள். மேல் லேபிள் போய்விட்டால், உரியவர் தெரியாத தபால்களைப் பிரித்துப் பார்க்கும் அலுவலகத்தில் அந்தச் சீட்டு ஒன்றுதான் உங்களைக் காட்டிக்கொடுக்கும். வாசகி தன் டிராக்கிங் எண்ணை எடுத்து, ஒன்பதாவது இலக்கம் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு, அடுத்ததாக அண்ணனிடம் அவர் எழுதிய பின்கோடைக் கேட்கட்டும்.

2025 மே மாதம் அஞ்சல் துறை டிஜிபின் என்ற புதிய முகவரிக் குறியீட்டை வெளியிட்டது. ஐ.ஐ.டி. ஹைதராபாத்தும் இஸ்ரோவின் தேசியத் தொலை உணர்வு மையமும் சேர்ந்து உருவாக்கியது. நாட்டை 16 கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மறுபடி 16 ஆகப் பிரித்து, படிக்கு ஒரு குறியாகப் பத்துப் படிகளில் ஏறக்குறைய 4 மீட்டர் சதுரம் வரை போகிறது. ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளும் குறிகளைக் கவனமாகத் தவிர்த்திருக்கிறார்கள். 0, 1 இரண்டும் அதில் இல்லை. அந்தக் கவனம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பத்துக் குறிகளும் இடத்தைச் சொல்லவே செலவாகிவிட்டன, சோதனைக்கென்று ஒன்றுகூட இல்லை. கடைசிக் குறி தவறினால் பார்சல் சில மீட்டர் தள்ளிப் போகும், பரவாயில்லை. முதல் குறி தவறினால் கட்டமே அட்சரேகையிலோ தீர்க்கரேகையிலோ குறைந்தது ஒன்பது பாகை நகரும், அது ஏறக்குறைய 1000 கிலோமீட்டர். கணினியும் கைபேசியும் எல்லார் கையிலும் இருக்கும் காலத்தில் வடிவமைத்த குறியீட்டில் இந்தக் குறை இருக்க வேண்டியதில்லை. அதிலும் 16 என்பது இரண்டின் அடுக்கு. சும்மா 16-ஆல் வகுத்தால் பத்தின் கதைதான், ஆனால் இரண்டின் அடுக்குகளுக்கென்று, பகா எண்ணைப் போலவே எந்தத் தவறும் மறையாத தனிவகைக் கூட்டலும் பெருக்கலும் கணிதத்தில் உண்டு. பத்தில் வந்த தொல்லையோ, பதினொன்றில் வந்த ஓட்டையோ அங்கே கிடையாது. பதினோராவதாக ஒரே ஒரு குறியைச் சேர்த்தால், ஒரு குறி தவறுவதையும் எந்த இரண்டு குறிகள் இடம் மாறுவதையும் ஒன்று விடாமல் பிடித்துவிடலாம். டிஜிபின் இன்னும் மக்கள் பழக்கத்துக்கு வரவில்லை, சேர்ப்பதானால் இப்போதே சேர்த்துவிட வேண்டும்.