மங்கலாக்கல்: சிஎஸ்எஸ்ஸின் ‘ப்ளர்’ தமிழில்

‘ப்ளர்’ என்ற சொல் 16ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கில எழுத்தில் இருக்கிறது. ஒன்றின் மேல் அப்பி அதைப் பாதி மறைக்கும் கறை என்பதுதான் அப்போதைய பொருள். நீர் கோத்துக் கலங்கிய கண்ணைச் சொல்லும் ‘ப்ளியர்’ என்ற சொல்லோடு இதற்கு உறவு இருக்கலாம் என்று அகராதிகள் கருதுகின்றன.

வலை வடிவமைப்பில் கறையும் இல்லை, கண்ணீரும் இல்லை, வெறும் கணக்குதான். வலைப்பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் ஒரு படத்துக்கு ‘ஃபில்டர்’ (வடிகட்டி) பண்பைக் கொடுத்து, ப்ளர் அளவு 5 பிக்சல் என்று எழுதினால், ஒவ்வொரு புள்ளியின் நிறமும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளின் நிறத்தோடு கலந்து சராசரியாகிறது. கிட்டத்துப் புள்ளிக்கு அதிகப் பங்கு, தள்ளியிருப்பதற்குக் குறைவு. அந்தப் பங்கைத் தீர்மானிக்கும் மணி வடிவக் கோடு, ஜெர்மானியக் கணிதவியலாளர் காஸின் (1777–1855) பெயரைத் தாங்கியது. நாம் கொடுக்கும் 5 பிக்சல் அந்தக் கோட்டின் திட்டவிலக்கம், அதாவது அது எவ்வளவு அகலமாகப் பரவுகிறது என்பதன் அளவு. ஆனால் பெட்டிக்கு நிழல் தரும் ‘பாக்ஸ் ஷேடோ’ பண்பில் நிழலுக்குக் கொடுக்கும் ப்ளர் அளவில் பாதிதான் திட்டவிலக்கம். அதனால் இரண்டுக்கும் 10 பிக்சல் கொடுத்தால் நிழலைவிடப் படம் அதிகமாகக் கரைந்து தெரியும்.

சரி, இதைத் தமிழில் என்னவென்று சொல்வது? ‘தெளிவின்மை’ என்று சிலர் எழுதுகிறார்கள். அது நிலையைத்தான் சொல்கிறது. இங்கே நமக்கு வேண்டியது செயல். ‘மங்கலாக்கல்’தான் சரி என்பது என் முடிவு. விளக்கு மங்கியது என்றால் வெளிச்சம் குறைந்தது என்றுதானே பொருள், ப்ளரில் வெளிச்சம் குறைவதில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கிட்டப்பார்வை உள்ளவர் பேருந்தின் ஊர்ப்பெயர்ப் பலகையைப் பார்த்து “எழுத்து மங்கலாத் தெரியுது” என்கிறாரே, அங்கேயும் வெளிச்சம் குறையவில்லை. ஒரு புள்ளியின் ஒளி விழித்திரையில் பரவி விழுகிறது, விளிம்புகள் கரைகின்றன. சிஎஸ்எஸ் செய்வதும் அதேதான். வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் ‘பிரைட்னஸ்’ வடிகட்டியால் வெளிச்சத்தைக் குறைப்பதற்கு ‘ஒளி குறைத்தல்’ என்று தனியாக வைத்துக்கொண்டால் குழப்பம் இருக்காது.

‘பேக்டிராப் ஃபில்டர்’ என்ற பண்பில் ப்ளர் கொடுத்தால், ஒரு பெட்டிக்குப் பின்னால் உள்ள பின்னணி மட்டும் மங்கலாகும். மேலே உள்ள பெட்டியின் நிறத்தை ஊடுருவிப் பின்னணி கொஞ்சமாவது தெரிந்தால்தான் அந்த மங்கல் கண்ணில் படும். இதைப் ‘பின்னணி மங்கலாக்கல்’ என்று சொல்லிவிடலாம்.

‘மறைத்தல்’ என்று மட்டும் எழுதாதீர்கள். ஒரு தொலைபேசி எண்ணை சிஎஸ்எஸ்ஸால் மங்கலாக்கினாலும், பக்கத்தின் மூலநிரலில் அது அப்படியே இருக்கும். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைபடிப்பானும் அதை வாய்விட்டுப் படித்துவிடும்.