காசு கொடுத்து அழுத்தம் வாங்கிய கடைக்காரர்கள்

வாசகர் ஒருவர் நண்பர்களோடு ஆளுக்கொரு வேடம் எடுத்து ஆடும் விளையாட்டு ஒன்றை உருவாக்கி வருகிறார். கதை நடப்பது விக்டோரியா ராணி காலத்து லண்டனில், எங்கும் நீராவி எந்திரங்களாகக் கற்பனை செய்யும் ஸ்டீம்பங்க் பாணியில். பூட்டுக்கடை, துணிக்கிடங்கு, தோல் பட்டறை, நாடகக் கொட்டகை என்று வரைபடம் முழுக்கக் கடைகளாகக் குறித்துவிட்டார். 'ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு கொதிகலனும் புகைபோக்கியும் வரைந்திருக்கிறேன். நிஜத்தில் அப்படித்தான் இருந்ததா?' என்று கேட்கிறார்.

இல்லை. நிஜம் இதைவிட விசித்திரமானது. கிடங்கின் கிரேன் இரண்டு நிமிடம் மூட்டை தூக்கும், பிறகு கால்மணி நேரம் சும்மா நிற்கும். அதற்காக நாள் முழுக்கக் கரி போட்டுக் கொதிகலனைச் சூடாகவே வைத்திருக்க எந்த வியாபாரிக்கும் மனம் வராது. தேவைப்படும்போது பற்றவைக்கலாம் என்றால், நீராவி கிளம்புவதற்குள் வண்டிக்காரன் போய்விடுவான். அதனால் லண்டன் கடைக்காரர்கள் விசையைக் குழாய் வழியாக விலைக்கு வாங்கினார்கள். லண்டன் ஹைட்ராலிக் பவர் கம்பெனி 1880களில் இந்த வியாபாரத்தைத் தொடங்கியது. ஹல் நகரம் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே தொடங்கியிருந்தது. லண்டன் தெருக்களுக்கு அடியில் இரும்புக் குழாய்கள், அவற்றில் சதுர அங்குலத்துக்குச் சுமார் 800 பவுண்டு அழுத்தத்தில் தண்ணீர். உச்சத்தில் இருந்தபோது குழாய்களின் மொத்த நீளம் 180 மைலுக்கு மேல். ஓட்டல் லிஃப்ட், துறைமுக கிரேன், நாடக மேடை என்று எல்லாவற்றையும் இந்தத் தண்ணீர் அசைத்தது. மீட்டர் பார்த்துக் காசு வாங்கினார்கள்.

ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் குழாய் போகும் இடமெல்லாம் போகும் என்று பாஸ்கல் விதியில் படித்திருப்பீர்கள், அதை விட்டுவிடுவோம். எனக்குப் பிடித்த கேள்வி வேறு. நூறு கடைக்காரர்கள் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்தால் அழுத்தம் ஏன் படுத்துவிடவில்லை?

பதில் வில்லியம் ஆம்ஸ்ட்ராங்கிடம் இருக்கிறது. வக்கீல் தொழில் பார்த்த மனிதர். 1835 வாக்கில் மீன் பிடிக்கப் போன இடத்தில் ஒரு நீர்ச்சக்கரத்தைப் பார்த்தார். ஓடும் தண்ணீரின் வலுவில் பெரும்பகுதி வீணாகிறதே என்ற எண்ணம் அவரை விடவில்லை. (இன்றைய ஆராய்ச்சி நிதி விண்ணப்பத்தில் 'வேலைத்திட்டம்: தூண்டில் போடுதல்' என்று எழுதினால் முதல் சுற்றிலேயே குப்பைக்குப் போகும். நல்ல யோசனை எந்த மாதம் வரும் என்று அட்டவணை கேட்பதை நாம் எப்போது நிறுத்துவோமோ.) 1846இல் நியூகாசில் படகுத்துறையில் நகரத்துக் குடிநீர்க் குழாயிலிருந்தே கிரேனை ஓட்டிக் காட்டினார். எல்லா ஊரிலும் அவ்வளவு அழுத்தம் கிடைக்காதே? உயரத்தில் தொட்டி கட்டினால் கிடைக்கும். கிரிம்ஸ்பி துறைமுகத்தில் 94 மீட்டர் உயரத்துக்கு அப்படி ஒரு கோபுரம் எழுந்தது, இன்றும் நிற்கிறது. ஆனால் ஹம்பர் முகத்துவாரத்தில் நியூ ஹாலந்து என்ற இடத்தின் மண் கோபுரத்தின் பாரத்தைத் தாங்காது. அந்த இக்கட்டில் பிறந்ததுதான் அழுத்தத்தைச் சேர்த்துவைக்கும் அக்குமுலேட்டர்.

கோபுரம் எதற்கு? மேலே இருக்கும் தண்ணீரின் எடை கீழே அழுத்துவதற்கு. அழுத்துவது தண்ணீராகத்தான் இருக்க வேண்டுமா? ஓர் உரலை நினைத்துக்கொள்ளுங்கள். உரலுக்குள் தண்ணீர், அதன்மேல் கச்சிதமாகப் பொருந்திய இரும்பு உலக்கை. உலக்கையின் தலையைச் சுற்றி ஒரு பெரிய இரும்புக் கூடை, கூடை நிறையச் சரளைக்கல், உலையில் மிஞ்சிய கசடு, ஓட்டை இரும்பு. நீராவிப் பம்ப் அடியில் தண்ணீரைத் திணிக்கத் திணிக்க, அவ்வளவு பாரமும் மெல்ல மேலே ஏறும். எங்கோ ஒரு கடைக்காரர் குழாயைத் திறந்தால் உலக்கை இறங்கி அவருக்குத் தண்ணீரைத் தள்ளும்.

இதில் என்னைச் சொக்கவைப்பது ஒன்று உண்டு. ஸ்பிரிங்கை அமுக்கினால் அமுக்க அமுக்க முரண்டு பிடிக்கும், தளரத் தளர வலுவிழக்கும். கூடை அப்படியல்ல. உச்சியில் இருந்தாலும் தரையைத் தொடப் போனாலும் எடை ஒன்றுதான், ஆகவே அழுத்தமும் ஒன்றுதான். இன்னொன்று, கூடை உச்சியைத் தொட்டால் ஒரு சங்கிலியை இழுத்துப் பம்புக்குப் போகும் நீராவியை அடைத்துவிடும். இறங்கினால் திறந்துவிடும். ஆள் வேண்டாம். ஊருக்கு எவ்வளவு பசி என்று ஒரு கூடை சரளைக்கல் பம்புக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது!

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 800 பவுண்டு அழுத்தத்தை வெறும் தொட்டியால் தர வேண்டுமென்றால் அது 560 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். கிரிம்ஸ்பி கோபுரம் ஆறை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தியது போல. 45 சென்டிமீட்டர் விட்டமுள்ள உலக்கையானால் சுமார் 90 டன் பாரம் ஏற்றினால் போதும். அது 6 மீட்டர் ஏறி நின்றால் சேரும் ஆற்றல் எவ்வளவு தெரியுமா? ஒன்றரை யூனிட் மின்சாரம்! ஒரு ஏசியை ஒரு மணி நேரம் ஓட்டுகிற அளவு. ஆகவே இது களஞ்சியம் அல்ல, மேடுபள்ளத்தைச் சமன் செய்யும் மெத்தை. கப்பலுக்கு வழிவிட நடுவில் இரண்டு இறக்கைகளாகத் தூக்கிக்கொள்ளும் லண்டன் டவர் பிரிட்ஜும் (1894இல் திறந்தது) இதே சூட்சுமத்தில்தான் இயங்கியது. சொந்த நீராவி எந்திரங்கள், ஆறு அக்குமுலேட்டர்கள். ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட இறக்கை ஒவ்வொன்றையும் அவை தூக்கின.

கடைக்குள் வந்த தண்ணீர் ஓர் உலக்கையை ஒரு மீட்டர் தள்ளும். கப்பிகளில் சங்கிலியைப் பலமுறை சுற்றியிருப்பதால் கொக்கி ஆறு, எட்டு மீட்டர் உயரும். பல கப்பிகள் போட்டுப் பாரம் தூக்கும் ஏற்பாட்டைத் தலைகீழாக்கிய கதை. மான்செஸ்டரில் இதே விசை துணியை நெருக்கிக் கட்டுகளாக்கியது. அவை கப்பலேறி இந்தியச் சந்தைக்கும் வந்தன.

இவ்வளவு அழுத்தத்தில் உலக்கையின் ஓரம் ஒழுகாதா? ஒழுகியது. பிக்கடில்லியில் பூட்டுக்கடை வைத்திருந்த ஜோசப் பிராமா 1795இல் நீரழுத்தப் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கினார். அவரிடம் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லேதான் ஒழுக்குக்கு வழி கண்டதாகச் சொல்வார்கள். தோலைக் கிண்ணம் போல வளைத்து, வாய் தண்ணீரைப் பார்க்கும்படி பொருத்துவது. கசியப் பார்க்கும் தண்ணீரே தோலை உலக்கையோடு ஒட்ட அழுத்தும். அழுத்தம் கூடினால் பிடியும் கூடும்.

ஆகவே நண்பரே, புகைபோக்கிகளில் பெரும்பாலானவற்றை அழித்துவிடுங்கள். ஆற்றோரம், வாப்பிங் பக்கம், ஒரு பம்பு நிலையம் போதும். அங்கிருந்த உண்மையான நிலையம் 1977 வரை ஓடியது. தோல் பட்டறையை பெர்மண்ட்சியில் வையுங்கள். லண்டனின் தோல் பதனிடும் பேட்டை அதுதான். உங்கள் ஆட்டத்தில் நாடகக் கொட்டகைத் திரை பாதியில் நின்றால், கொதிகலனைத் தேடி யாரும் ஓட வேண்டியதில்லை. தோல் கிண்ணம் தேய்ந்திருக்கும், பட்டறைக்கு ஆள் அனுப்பச் சொல்லுங்கள்.