ரிசோல்வர்: தீர்ப்பியா, வினவியா?

கல்முனையில் ஒரு கடை. ஃபைபர் இணைப்பு அறுந்ததும் பில் போடும் லினக்ஸ் கணினியைக் கைபேசியின் ஹொட்ஸ்பொட்டில் இணைத்தோம். பிரவுசர் உடனே திறந்தது. பில் மென்பொருள் மட்டும் அசையவில்லை. அதை மூடித் திறந்த பிறகுதான் வேலை செய்தது. பழுது அதற்குள் இருந்த ரிசோல்வரில்.

இணையப் பெயர் ஒன்றைக் கொடுத்தால், அதற்குரிய ஐபி எண்ணை, அதாவது அந்தக் கணினியின் இணைய முகவரியை, கேட்டு வாங்கித் தரும் பகுதிதான் ரிசோல்வர். 1983இல் போல் மொக்கபெட்ரிஸ், பெயருக்கு எண் தேடும் டிஎன்எஸ் முறையை எழுதியபோதே இந்தச் சொல்லும் வந்துவிட்டது. வேர், இலத்தீனின் 'சொல்வெரே': கட்டைத் தளர்த்துதல், அவிழ்த்தல். தமிழிலும் இதே போக்கு உண்டு. விடு என்ற வினையிலிருந்துதானே விடையும் விடுகதையும்!

ரிசோல்வரைத் தமிழில் எப்படிச் சொல்வது? வேரைப் பார்த்தால் தீர்ப்பி, அவிழ்ப்பி எல்லாம் பொருந்தும். ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. தீர்ப்பி என்றால் விடை அதன் கையிலேயே இருப்பதுபோல் ஆகிவிடும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு வட்டைக்கு (வயல்வெளிக்கு) புதிதாகப் போகிறவர், இன்னாருடைய வயல் எது என்று அதன் பொறுப்பாளரான வட்டவிதானையிடம் கேட்பார். பெயருக்குரிய எண்ணைச் சொல்லும் சேர்வரான பெயர் வழங்கிதான் அந்த விதானை. ரிசோல்வர், கேட்கப் போகிறவர். 'குவெரி'க்கு நம் பள்ளிக்கூடத்துத் தகவல் தொழில்நுட்பப் பாடத்தில் வினவல் என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. அப்படியானால் இது பெயர்வினவி.

சரி, விதானை மாறிவிட்டால்? அதுதான் கடையில் நடந்தது. பல நிரல்கள் தொடங்கும்போது ஒரு தடவைதான் 'ரிசோல்வ்.கொன்ஃப்' கோப்பைப் படிக்கும். அதிலுள்ள வழங்கி முகவரிகளை, வழக்கமாக மூன்று வரை, மனதில் வைத்துக்கொள்ளும். பில் மென்பொருளின் வினவி பழைய ரவுட்டரான 192.168.1.1 இடமே போய்க் கேட்டது. பதில் இல்லை. 5 விநாடி காத்திருந்து, மறுபடியும் அதே வாசல்.

லினக்ஸில் நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் ஆயத்தக் குறிமுறைத் தொகுப்பான க்ளிப்சி நூலகம், 2017இல் வந்த 2.26 பதிப்பிலிருந்து, கோப்பு மாறினால் தானே மறுபடி படித்துக்கொள்ளும். சி-ஆரெஸ் போன்ற தனி நூலகங்களில், ஓடிக்கொண்டிருக்கும் வினவியிடமே புதிய பட்டியலைக் கொடுக்கத் தனிச் செயற்கூறு உண்டு. இதை இயங்குநேர வழங்கி மாற்றம் எனலாம்.

கடை மென்பொருளிலும் அப்படிப் புதிய பட்டியலைக் கொடுக்கும் அழைப்பைச் சேர்த்தோம். அப்புறம் ஃபைபர் வயரைக் கழற்றிப் பார்த்தோம். மூடித் திறக்காமலே அடுத்த பில் போனது.